எட்டு வண்ணத்தில் ஓர் அருவி

என் வீட்டுக்காரருக்கு விளிம்பு என்றாலே ஆகாது. தோசையின் ஓரம் கொஞ்சம் முறுகியிருந்தால் பிய்த்து வைத்துவிட்டு நடுவை மட்டும் சாப்பிடுவார். கேட்டால் தொழில் அப்படி என்பார். தென்காசியில் நம்பிராஜன் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனராக இருக்கிறார். பெயர் லிங்கேஸ்வரன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர்களின் பிறந்தநாள் எல்லாம் போடுவார். ஆனால் அவர் கைக்கு அதிகமாக வருவது கண்ணீர் அஞ்சலிதான்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், வீட்டில் அழுகை அடங்குவதற்குள் யாராவது ஒரு மருமகன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்துவிடுவார். ஃபோனில் இருப்பது ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவாக இருக்கும். தோளில் இன்னொருத்தர் கை கிடக்கும். அதிலிருந்து இறந்தவரை மட்டும் வெட்டியெடுத்து, மேகத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் நிற்க வைக்க வேண்டும். இவர் வெட்டிவிட்டு, ஓரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் தடவித் தடவி மழுக்குவார். "வெட்டுன தடம் தெரியக்கூடாது சங்கரி. தெரிஞ்சா ஆளை ஒட்டிவச்ச மாதிரி இருக்கும்" என்பார். முகத்தில் இருக்கும் பருவையும் வடுவையும் அதே கையோடு தடவிவிடுவார். தென்காசியில் பாதிப் பேருக்குச் செத்த பிறகுதான் முகம் பளபளப்பாகிறது என்று நான் கேலி செய்வேன்.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வேலைக்கு ஒரே ஃபைல்தான். திருத்தினால் அதன் மேலேயே சேவ் செய்துவிட வேண்டும். பழையதை வைத்திருக்கக் கூடாது. ஒருமுறை திருத்துவதற்கு முந்தைய ஃபைல் பிரின்ட்டுக்குப் போய், இறந்தவரின் இடத்தில் அவருடைய தம்பி மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றார். தம்பி நேரில் கடைக்கு வந்து ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு அண்ணாச்சி இந்தச் சட்டத்தைப் போட்டார். இவருக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிற்று.

எங்களுக்கு ஒரே மகள், சுஜிதா. அப்பாவுக்கு நேர் எதிர். அவள் போடுவது புள்ளிப் படம். கம்ப்யூட்டர் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகத் தெரியும்வரை கொண்டுபோய், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறத்தை வைப்பாள். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல் என்று நான் முதலில் நினைத்தேன். அது அத்தனை லேசான காரியம் இல்லை. இந்த மாதிரிப் படம் போடுகிறவர்கள் இன்டர்நெட்டில் ஒரு குழுவாக இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு போட்டி வைப்பார்கள். எட்டு நிறம் அவர்களே கொடுப்பார்கள். ஒன்பதாவது நிறத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் படத்தைத் திருப்பிவிடுவார்கள். கம்ப்யூட்டர்தான் எண்ணும், அதனால் கெஞ்சியும் பிரயோசனமில்லை. போன வருஷம் இவள் படத்தில் ஒரே ஒரு புள்ளி வேறு மாதிரிக் கறுப்பாக இருந்ததாம். திருப்பிவிட்டார்கள். சாயங்காலம்வரை அழுதுவிட்டு, பிறகு தானே சிரித்துக்கொண்டாள்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். வீடு மேலகரம். பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் சுஜி பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தினமும் என்னோடு லாட்ஜுக்கு வந்துவிடுவாள். பங்குனி, சித்திரையில் குற்றாலத்துக்கு யார் வருகிறார்கள். அருவியில் பாறைதான் தெரியும், லாட்ஜில் சாவியெல்லாம் வரிசையாகத் தொங்கும். கவுன்ட்டருக்குப் பின்னால் எனக்குப் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவள் படம் போடுவாள். போட்டிக்கு அந்த வருஷம் தண்ணீர் என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். சொட்டுத் தண்ணீர் விழாத மாதத்தில் உட்கார்ந்து அவள் ஐந்தருவியைப் போட்டாள். பெண்கள் குளிக்கிற பக்கம். கூட்டத்தில் நடுவில் நான்.

"என்னட்டி இது, ஊரு பூரா பாக்கப்போற படத்துல என்னை நைட்டியோட நிறுத்தியிருக்க?" என்றேன்.

"குத்தாலத்துல யாரும்மா பட்டுச்சேலை கட்டிக் குளிக்கா?" என்றாள். "சிவப்பு வேற குடுக்கல. செங்கல் கலர்தான் இருக்கு. உன் நைட்டிக்கும் அதான், பாறைக்கும் அதான்."

அவள் அப்பாவுக்கு இந்தப் படங்கள் பிடிக்கும், ஆனால் ஓரங்கள் பிடிக்காது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் எல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது என்பார். "ஒரு தடவு தடவுனாத் தீந்துச்சு. இதுக்குப் போயி ஒவ்வொரு புள்ளியா வச்சிக்கிட்டு இருக்கா" என்று என்னிடம் சொல்வார், அவளுக்குக் கேட்கும்படி.

"தடவக் கூடாதுப்பா, அதான் போட்டியே" என்பாள் அவள். "பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவுல சும்மா விட்டா படிக்கட்டு மாதிரிதான் தெரியும். அங்கங்க ஒரு சாம்பல் புள்ளி வச்சா கண்ணுக்கு வழவழன்னு ஆயிரும். எல்லா இடத்துலயும் வச்சா புகை புடிச்ச மாதிரி இருக்கும். எங்க வைக்கணும், எங்க விடணும், அதுதாம்ப்பா வேலையே."

"நான் ஒரு நிமிசத்துல செய்யுததை நீ ஒரு மாசம் செய்யுத."

"நீங்க தடவுததெல்லாம் செத்தவங்களுக்குப்பா. நான் உயிரோட இருக்கவங்களைப் போடுதேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடையில் கூட வேலை பார்க்கும் நூர்நிஷாவிடம்கூட இதைச் சொல்லிச் சிரித்தாராம்.

படம் முடிகிற நிலைக்கு வந்தது. இடது பக்கம் கீழே ஒரு பாறை மட்டும் பாக்கி. முழுசாக முடித்த பிறகுதான் அனுப்புவேன் என்று யாருக்கும், அவளுடைய சிநேகிதிகளுக்குக்கூட, அதை அனுப்பவில்லை. வைகாசியில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரையும் கஞ்சியும் கொடுத்தோம். விட்டது. திரும்ப வந்தது. திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தோம். இதற்கு மேல் அதை எழுத எனக்குக் கை வராது.

அவளுக்கு ஃப்ளெக்ஸை நூர்நிஷா செய்கிறேன் என்றாள். அண்ணாச்சியும் சொன்னார். இவர் கேட்கவில்லை. தானே கடைக்குப் போய் உட்கார்ந்து செய்தார். மேலகரம் விலக்கில், ஊருக்கு ரோடு பிரிகிற இடத்தில், கட்டியிருந்தார்கள். நான் அதைப் பதினாறாம் நாள் காரியம் கழிந்து கோவிலுக்குப் போகும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கு இடது புருவத்துக்கு மேலே அம்மை போட்ட வடு ஒன்று உண்டு. ஃப்ளெக்ஸில் இருந்த பிள்ளைக்கு அது இல்லை.

"அந்த வடு எங்க?" என்று நடுரோட்டில் வைத்துக் கேட்டேன்.

"கை தானாப் போயிருச்சு சங்கரி" என்றார்.

அதற்குப் பிறகு பல நாள் நான் அவரிடம் பேசவில்லை. சோறு போடுவேன், பேச மாட்டேன். அவரும் சாப்பிடுவார், பேச மாட்டார். ஆனியில் சாரல் ஆரம்பித்தது. லாட்ஜ் நிறைந்தது. வேலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை, போனால் இருக்கவும் முடியவில்லை. குடும்பம் குடும்பமாக ஈரத்தலையோடு வந்து சாவி கேட்பார்கள். வெந்நீர் வருமா என்பார்கள். தாயும் மகளுமாக ஒரே துண்டில் தலை துவட்டிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வரும். அப்படி வந்தது என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஆடி பிறந்து ஒரு நாள் இவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அவ்வப்போது அதற்கு சார்ஜ் போட்டு வைப்பது அவர் வழக்கம். போட்டிக்காரர்களிடமிருந்து சுஜி பேருக்கு மெயில் வந்திருந்தது. கடைசி நாள் நெருங்குகிறது, படத்தை அனுப்புங்கள் என்று.

"ஒரு பாறைதான் பாக்கி. நான் முடிச்சு அனுப்பட்டுமா? அவ பேருலதான்" என்றார்.

அனுப்புகிற படங்கள் எல்லாவற்றையும் போட்டவர்களின் பேரோடு ஒரு பக்கத்தில் வரிசையாக வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் எப்போதும் பார்க்கலாம் என்று சுஜி சொல்லியிருக்கிறாள். பரிசெல்லாம் யாருக்கு வேண்டும். அந்த வரிசையில் அவள் பேரும் அவள் போட்ட அருவியும் இருக்க வேண்டும். காரியம் பண்ணிய நாளிலிருந்து எனக்கு வேண்டும் என்று தோன்றியது அது ஒன்றுதான். அவருக்கும் அதேதான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"முடிங்க. ஆனா அவ போட்டதைத் தொடாதிய" என்றேன்.

"தொடமாட்டேன்" என்றார்.

அவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து செய்தார். நான் லாட்ஜில் இருந்தேன். திரும்பி வந்தபோது, அனுப்பியாகிவிட்டது என்றார். பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் தோசையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. பார்த்தால் அழுவேன், அழுதால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது. வரிசையில் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்வோம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி முடிகிறது. அன்று காலையில் பதில் வந்தது. அவர் அடுப்படிக்கே லேப்டாப்பைக் கொண்டுவந்து வாசித்தார். போட்டி நடத்துகிறவர்களில் ஒரு பெண் எழுதியிருந்தாள். அன்புள்ள சுஜிதா என்று ஆரம்பித்திருந்தது. அனுமதி எட்டு நிறங்களுக்கு. உன் படத்தில் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. விளிம்புகள் எல்லாம் தானாக மழுக்கப்பட்டிருக்கின்றன. உன் முந்தைய படங்களைப் பார்த்திருக்கிறோம், நீ இப்படிச் செய்கிறவள் அல்ல, ஏதோ தவறு நடந்திருக்கிறது. மழுக்காத படத்தை இன்று சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடு, சேர்த்துக்கொள்கிறோம்.

"முந்நூறு எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"வேற கலரை நான் தொடவே இல்ல சங்கரி. அந்த எட்டுலதான் எடுத்துப் போட்டேன். பாறை மட்டும் தனியா ஒட்டிவச்ச மாதிரி இருந்துச்சு. அது ஓரத்தை மட்டும் தடவுனேன். அப்புறம் பாத்தா அது ஒரு மாதிரியும் மத்ததெல்லாம் ஒரு மாதிரியும் இருந்துச்சு. அதான்..." என்று நிறுத்தினார்.

இருபது வருஷமாக விளிம்பை மழுக்குகிற மனுஷனுக்கு, மழுக்குவது என்றால் நடுவில் புதிது புதிதாக நிறம் சேர்ப்பது என்று உறைக்கவே இல்லை. ஃப்ளெக்ஸில் யார் நிறத்தை எண்ணுகிறார்கள். பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையில் இவர் ஒரு தடவு தடவினால் அங்கே முப்பது பச்சை முளைக்கும். எனக்கே அது அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் நான் பதறவில்லை. சாயங்காலம்வரை நேரம் இருக்கிறதே. "சரி, அவ போட்டு வச்சிருந்தது இருக்கும்லா, அதை அனுப்புங்க. பாறை இல்லாட்டாப் போகுது" என்றேன்.

அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதையும் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம்தான் எனக்கு அண்ணாச்சி கடையின் சட்டம் ஞாபகம் வந்தது.

"அது மேலயே சேவ் பண்ணிட்டியளா?"

"ஆமா" என்றார்.

நான் அன்று பேசியதையெல்லாம் எழுத முடியாது. பிள்ளையைத்தான் காப்பாற்ற வக்கில்லை, அவள் வைத்த புள்ளியையாவது வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். ஃப்ளெக்ஸில் வடுவை அழித்தாய், இப்போது மிச்சத்தையும் அழித்தாய் என்று ஏக வசனத்தில் கேட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை நான் அப்படிப் பேசியதில்லை. அவர் அழித்ததை மீட்கிற வழி ஏதாவது உண்டா என்று நூர்நிஷாவிடம் ஃபோனில் கேட்டார். அவள் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

மதியத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டார். முந்நூறு நிறத்தையும் கம்ப்யூட்டரையே செய்யவிட்டு எட்டாகக் குறைத்து வைத்திருந்தார். அப்போதுதான் நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அருவி இருந்தது. கூட்டம் இருந்தது. என் நைட்டிகூட அதே செங்கல் நிறத்தில் இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது, கதவைச் சாத்தியிருந்தோம்.

"எண்ணிப் பாத்துட்டேன். எட்டுதான். அனுப்புனா எடுத்துக்கிடுவாங்க" என்றார்.

"இதுல எந்தப் புள்ளி அவ வச்சது?"

நிறைய நேரம் பார்த்தார். "நடுவுல இருக்கதெல்லாம் அவ வச்சதுதான். ஓரம் பூரா கம்ப்யூட்டர் வச்சது."

எங்கே வைக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதுதான் வேலையே என்று அவள் சொன்னது அந்த ஓரத்தைத்தான். நடுவில் நிறத்தை நிரப்ப யாராலும் முடியும். அவள் மாதக்கணக்கில் ஸ்டூலில் உட்கார்ந்து செய்தது மொத்தமும் அந்த ஓரத்தில்தான் இருந்தது.

"அப்ப எதுக்கு அவ பேரு" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு திரையைப் பெரிதாக்கினார். அவள் செய்வது போலவே, கட்டம் கட்டமாகத் தெரியும்வரை. சாம்பல் நிறத்தைத் தொட்டு எடுத்துக்கொண்டார். நாற்காலியை நகர்த்தி எனக்குப் பக்கத்தில் இடம் விட்டார்.

"சங்கரி, நீதான் கூடவே உக்காந்து பாத்த. எங்கெங்க வச்சான்னு நீ சொல்லு. நீ சொல்லச் சொல்ல நான் வைக்கேன். அவ வச்ச மாதிரியே வச்சிருவோம். இன்னும் நேரம் இருக்கு."

நான் உட்கார்ந்தேன். பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற ஓரத்தைப் பார்த்தேன். இங்கே ஒரு புள்ளி இருந்ததா, இல்லை அதற்கு அடுத்ததிலா. விரலை நீட்டினேன். நீட்டிய விரல் அங்கேயே நின்றது. என் நைட்டியின் ஓரத்துக்கு வந்தேன். என் தலைக்கு வந்தேன். பங்குனியும் சித்திரையும் முழுக்க அவள் பக்கத்தில்தான் இருந்தேன். லாட்ஜில் வேறு வேலையே இல்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எதைப் பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தால், நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டு, புள்ளி சரியாக விழுந்துவிட்டால் தனக்குத்தானே லேசாகத் தலையாட்டிக்கொள்கிற முகம்தான் வருகிறது. ஒவ்வொரு நாள் முகமும் வருகிறது. திரை வரவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒரு புள்ளியைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

அவர் மவுஸில் கையை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியலங்க" என்றேன்.

"ஒண்ணாவது?"

"ஒண்ணுகூடத் தெரியல."

அவரைத் திட்டியதெல்லாம் என் வாயிலேயே கசந்துகொண்டிருந்தது. அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் போன பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

போட்டி மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். அந்தப் பெண் அக்கறையாக எழுதியிருக்கிறாள், பதில் போடாமல் விட்டால் நன்றாக இருக்காது என்றார். எழுதுவதும் அழிப்பதுமாக வெகுநேரம் இருந்தார். கடைசியில் ஒரே ஒரு வரி எழுதி, சரியா என்று என்னிடம் காட்டிவிட்டு அனுப்பினார். சுஜிதா இந்த வருஷம் கலந்துகொள்ளவில்லை என்று எழுதியிருந்தார்.